வளவில் ஒரு வகுப்பறை: செட்டிநாட்டிலிருந்து இணையவழியில் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

கானாடுகாத்தானுக்கு அருகே பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். படைப்பு எனும் குடும்ப வழிபாடு, திருமணம் என்றால் வருவார்கள். நாங்கள் பின்கட்டில் குடியிருந்தோம். 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது நான் இளங்கலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு. சில வாரங்களில் கைப்பேசியில் வகுப்பு தொடங்கியது. பின்கட்டு அறையில் உட்கார்ந்து கேட்டேன். ஆசிரியர் பேசியதில் பாதிச் சொற்கள்தான் வந்து சேர்ந்தன. கைப்பேசி பழையது என்பதால் இப்படி என்று நினைத்து, அப்பா கடன் வாங்கிப் புதிதாக ஒன்று வாங்கித் தந்தார். புதியதிலும் பாதிச் சொற்கள்தான். குறை கைப்பேசியில் இல்லை, சுவரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்தக் கடனை அடைக்க அப்பாவுக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

அந்த ஒன்றரை ஆண்டு என் மனத்தை விட்டுப் போகவில்லை. கல்லூரிகள் திறந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனால் இணையவழிப் படிப்பு போய்விடவில்லை. மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பாடங்கள், தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகள், முழுக்க இணையவழியிலேயே முடிக்கும் பட்டங்கள் என்று அது பெருகியிருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், ஊரிலுள்ள தம்பி தங்கைகள் என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எந்த போன் வாங்கலாம்?" நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் இடம், அடுத்து நேரம், அதற்கடுத்து துணை. போன் கடைசி. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது; இடையில் பாடத் தேர்வும் ஆங்கிலமும், முடிவில் தேர்வும் வரும்.

வீட்டுக்குள் இடம் பாருங்கள்

நம் ஊர் வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய தடித்த சுவர் சித்திரை வெயிலைத் தடுக்கிறது. கைப்பேசி அலையையும் அதேபோல் தளர்த்திவிடுகிறது. கட்டு கட்டாகப் பின்னால் போகப் போக அலை மெலியும். எங்கள் வீட்டில் முகப்பில் நான்கு கோடு, இரண்டாங்கட்டில் ஒன்று, பின்கட்டில் ஒன்றுமில்லை. ஆனால் வளவில், வானம் தெரியும் முற்றத்தின் ஓரத்தில், மூன்று கோடு நிலையாக நின்றது. மேலே திறந்த இடம் என்பதால் அலை அங்கே இறங்குகிறது. அன்றிலிருந்து வளவுத் தாழ்வாரத்தில் இரண்டாவது தூணடிதான் என் வகுப்பறை.

உங்கள் வீடு எப்படிப்பட்டதாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் வீட்டின் படத்தைத் தோராயமாக வரைந்துகொள்ளுங்கள். காலை ஏழு, பிற்பகல் இரண்டு, இரவு ஒன்பது ஆகிய மூன்று வேளைகளிலும் கைப்பேசியுடன் ஒவ்வோர் இடமாக நின்று, வேகத்தைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றில் அளந்து, அந்தப் படத்திலேயே எழுதுங்கள். நேரடி வகுப்புக்கு நொடிக்கு 2 மெகாபிட் நிலையாக வந்தால் போதும். ஒரு கணம் 20, மறுகணம் பூஜ்யம் என்று ஆடும் இடத்தைவிட, எப்போதும் 2 கிடைக்கும் இடம் மேல். இரவு ஒன்பது மணிக்கு ஊரே படம் பார்க்கும். அப்போது கிடைக்கும் அளவைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அதே இடத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு அளந்து பாருங்கள், வேறு ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும்.

அலை கிடைக்கும் இடத்தில் உட்கார முடியாவிட்டால் ஒரு வழி உண்டு. வீட்டில் இரண்டு கைப்பேசி இருந்தால் ஒன்றை முகப்புச் சன்னல் ஓரத்தில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டுவிடுங்கள். மற்றதை அதனுடன் இணைத்துக்கொண்டு உள்ளே அமருங்கள். இடையில் ஒரு சுவருக்குமேல் வேண்டாம். வீட்டில் வைஃபை பெட்டி இருந்தால் அது பெரும்பாலும் 2.4, 5 (கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை) என்று இரண்டு பெயர்களில் தெரியும்; நம் வீட்டுச் சுவர்களுக்கு 2.4 தான் சரி. மற்றது வேகம் கூடியது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். சிம் விஷயத்தில் விளம்பரத்தை நம்ப வேண்டாம். புதுவயலில் நன்றாக எடுக்கும் நிறுவனம் பள்ளத்தூரில் எடுக்காமல் போகலாம். அக்கம்பக்கத்தில் வேறு வேறு சிம் வைத்திருப்பவர்களை அரைமணி நேரம் உங்கள் தூணடிக்கு வரச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆத்தங்குடி ஓடு பதித்த தரை குளுகுளுவென்று இருக்கும், ஆனால் நான்கு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் முதுகு சொல்லிவிடும். எங்கள் வீட்டு முகப்பில் பழைய கணக்குப்பிள்ளைப் பெட்டி ஒன்று கிடந்தது, மேற்பலகை சாய்ந்தது. வீட்டுக்கார ஆச்சியிடம் தொலைபேசியில் கேட்டேன். "படிப்புக்குத்தானே, எடுத்துக்கொள்" என்றார். ஒரு காலத்தில் வட்டிக் கணக்கு எழுதிய பெட்டி. அதன் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து நான் செலவுக் கணக்கியல் படித்தேன். உங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், கண்மட்டத்துக்குக் கைப்பேசியை உயர்த்தித் தரும் எதுவும் போதும். நான்கு பழைய பாடப்புத்தகங்களை அடுக்கினாலும் சரி.

ஐப்பசி, கார்த்திகையில் வளவில் சாரல் அடிக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு வேறோர் இடம் இப்போதே பார்த்து வையுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளும் கணக்கில் இருக்க வேண்டும். எந்தத் துணைமின்நிலையப் பகுதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே செய்தித்தாளில் போடுகிறார்கள். அதைப் பார்த்தவுடன் அன்றிரவே சார்ஜ் போட்டு, மறுநாளுக்கான காணொளியை இறக்கி வைத்துவிடுங்கள். மின்சாரம் போனால் சில நேரம் கோபுரத்தின் அலையும் மெலிந்துவிடும். அது உங்கள் கைப்பேசியின் குறை அல்ல.

வீட்டில் எங்குமே அலை இல்லையென்றால் கிளை நூலகம், கல்லூரியின் கணினி ஆய்வகம், தோழியின் வீடு என்று யோசியுங்கள். சாலையோரத்தில், பாலத்து மதிலில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாராட்டப்பட வேண்டிய உழைப்புதான், ஆனால் அதை ஒரு வழியாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவ்வளவு சிரமப்பட வேண்டியிருந்தால் கல்லூரியில் போய்ச் சொல்லி ஆய்வகத்தைத் திறக்கக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நேரம் என்பது வீட்டாரிடம் பேசிப் பெறுவது

கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போகும் பிள்ளையை யாரும் தண்ணீர் பிடிக்கக் கூப்பிடுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கும் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். அதுவும் பெண்பிள்ளை என்றால், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே "அந்த அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்ற குரல் வரும். என் தோழிகளில் பலர் படிப்பில் பின்தங்கியது இணையத்தால் அல்ல, இதனால். ஒருத்திக்குத் தம்பி இருந்தான். இருவருக்கும் ஒரே கைப்பேசி. இருவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. யாருடைய வகுப்பு விட்டுப்போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நான் கண்ட வழி எளியது. அம்மாவுக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. கைப்பேசி வைத்திருப்பவர் எல்லாரும் ஒரேமாதிரிதான் தெரிகிறார்கள். அதனால் ஒரு வாரத்து அட்டவணையைப் பெரிய எழுத்தில், தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். திங்கள் காலை பத்து முதல் பதினொன்று: கணக்குப் பாடம், ஆசிரியர் நேரில் பேசுவார், எழ முடியாது. பதினொன்றேகால் முதல் பன்னிரண்டு: வீட்டு வேலைக்கு வருவேன். இப்படி வேலைக்கான நேரமும் அதில் இருந்தது. ஒருநாள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வகுப்பு முழுவதையும் கேட்க வைத்தேன். அதற்குப் பிறகு வகுப்பு நேரத்தில் வாசலில் யாராவது கூப்பிட்டால் அம்மாவே போய் "பிள்ளை வகுப்பில் இருக்கிறது" என்று சொல்லத் தொடங்கினார். ஒரே கைப்பேசி உள்ள வீடென்றால் நேரடி வகுப்புக்கு முன்னுரிமை, பதிவுசெய்த காணொளிக்கு அடுத்த இடம் என்று பேசி எழுதி வையுங்கள். அண்ணன், தங்கை யாராக இருந்தாலும் விதி ஒன்றாக இருக்க வேண்டும்.

பதிவுசெய்த பாடங்களுக்கு நீங்களே நேரம் வகுக்க வேண்டும். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றில் வாரத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரக் காணொளி இருக்கும். அரைமணி நேரத் துண்டுகளாக வரும். நாளுக்கு ஒரு துண்டு, விடியற்காலையில். ஞாயிற்றுக்கிழமை ஐந்து துண்டையும் ஒன்றாகப் பார்ப்பேன் என்று தள்ளிப்போட்டவர்கள் யாரும் நான்காம் வாரத்தைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. மாசி, பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவும், சுற்றுக் கிராமங்களில் ஒலிபெருக்கியும் இருக்கும். ஜனவரியில் தொடங்கும் பாடத்துக்கு அது மிக முக்கியமான கட்டம். அந்த வாரங்களின் பாடத்தை முன்னதாகவே இறக்கி, நோன்புக்கும் காவடிக்கும் போகும் நாளைத் தனியே குறித்துவிடுங்கள். திருவிழாவை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடம் வைக்கச் சொல்கிறேன்.

பாடத்தைத் தேர்வுசெய்யும் முன்

ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2003 முதல், ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் பாடங்களை நடத்தி வந்தன. இன்று அவை ஸ்வயம் தளத்துக்குள்ளேயே இருக்கின்றன. என்பிடெல் என்றால் பொறியியல் மட்டும் என்று கலைக்கல்லூரி மாணவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் மேலாண்மையும் பொருளியலும் உண்டு. தவிர, ஸ்வயத்தில் இளங்கலைப் பாடங்களைத் தனியாக ஒருங்கிணைக்கும் அமைப்பும், முதுகலைக்கு வேறோர் அமைப்பும் இருக்கின்றன. வரலாறு, வணிகவியல், ஆங்கிலம், நூலகவியல் எல்லாம் கிடைக்கும். சேருவதற்கும் கற்பதற்கும் கட்டணம் இல்லை; சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

நான்கு வாரப் பாடத்துக்குப் பொதுவாக ஒரு கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு), எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு பருவத்தில் படிக்கும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கணக்கில் சேர்க்கப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாம். "அனுமதிக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி எட்டு வாரம் உழைத்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். துறையில் முன்கூட்டி ஒப்புதல் வாங்கவில்லை என்பதால் அந்தப் பாடம் அவள் மதிப்பெண் பட்டியலில் ஏறவே இல்லை. அவளிடம் அதை முன்பே யாரும் சொல்லியிருக்கவில்லை. எனவே சேரும் முன் துறையில் இந்தப் பொறுப்பைப் பார்க்கும் ஆசிரியரிடம் போய், பாடத்தின் பெயர், வாரங்கள், கிரெடிட் மூன்றையும் எழுதிக் கொடுத்து, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கையில் முதல் வாரக் காணொளிகளை முழுமையாகப் பாருங்கள். ஆசிரியரின் பேச்சு உங்களுக்குப் பிடிபடுகிறதா? முன்பே தெரிந்திருக்க வேண்டியவை என்று பாட அறிமுகத்தில் சொல்லியிருப்பவை உங்களுக்குத் தெரியுமா? தலைப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல்முறை ஒரே ஒரு பாடம், எட்டு வாரம். மூன்று பாடங்களில் சேர்ந்து மூன்றையும் விடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பதிவுசெய்யும்போது உங்கள் பெயர், முன்னெழுத்து எல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். சான்றிதழில் அதுதான் அச்சாகும். எனக்கு முன்னெழுத்து பின்னால் போய், அதைச் சரிசெய்யப் பட்ட பாடு நினைவிருக்கிறது. படிப்புக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல்லை எழுதி வைத்த ஒரு நோட்டு, அரசின் டிஜிலாக்கர் செயலி வழியாக எடுத்த ஏபிசி எண் (உங்கள் கிரெடிட்டுகள் சேரும் கணக்கின் எண்) என மூன்றும் கையில் இருக்க வேண்டும். இன்டர்நெட் மையத்தில் அண்ணன் ஒருவர் அவருடைய மின்னஞ்சலைப் போட்டு எல்லாருக்கும் பதிவுசெய்து தருவார். நல்ல மனத்தோடுதான் செய்கிறார், ஆனால் ஆறு மாதம் கழித்து ஹால் டிக்கெட் வரும்போது நீங்கள் அவரைத் தேடி அலைய வேண்டிவரும்.

பட்டப்படிப்பையே இணையவழியில் படிக்க நினைப்பவர்கள், அந்த நிறுவனத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கும் அந்த ஆண்டுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். தொலைநிலை, இணையவழிப் பட்டங்களில் சேர அந்தத் தளத்திலேயே பதிவுசெய்து டெப் எண் ஒன்றும் எடுக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்காமல் "இன்றே கட்டினால் பாதிக் கட்டணம்" என்று அவசரப்படுத்துபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஆங்கிலம்

இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். முதல் என்பிடெல் காணொளியில் இருபது நிமிடம் ஆசிரியர் பேசினார். எனக்குப் புரிந்தது அவர் கரும்பலகையில் போட்ட எண்கள் மட்டுமே. மூடிவைத்துவிட்டு அழுதேன். எனக்குத்தான் அறிவு போதவில்லை என்று நினைத்தேன். அது தவறு. எனக்குப் பாடம் தெரியும். பாடத்தின் சொற்கள்தான் தெரியாது.

இதற்கு அருமையான ஒரு வழி நம் கையிலேயே இருந்தது. தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. அத்தியாயங்கள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும். கணக்குப்பதிவியல் நூலின் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு, பேரேடு, இருப்பாய்வு ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதினேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லின் ஒலி, வலப்பக்கம் எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல். இருநூறு சொல் சேர்வதற்குள் காணொளி திறந்துகொண்டது. இயற்பியல், உயிரியல், பொருளியல் எதற்கும் இதையே செய்யலாம். அகராதி பார்ப்பதைவிட இது வேகமானது, ஏனென்றால் அந்தச் சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்திலிருந்து வருகின்றன.

அடுத்தது, காணொளியைப் பார்ப்பதற்கு முன் அதன் எழுத்து வடிவத்தை வாசித்துவிடுங்கள். என்பிடெல் தளத்தில் உரைகளின் எழுத்து வடிவம் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். ஆனாலும் ஆசிரியர் எங்கே போகப்போகிறார் என்பது தெரிந்துவிடும். பிறகு காணொளியை 0.75 வேகத்தில், திரையின் அடியில் வரும் எழுத்துகளை ஓடவிட்டுப் பாருங்கள். மூன்றாம் வாரத்தில் வேகத்தைக் குறைக்கத் தேவையிருக்காது.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு ஸ்வயத்தைவிட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெரிய புதையல். பழைய பதிப்புகளும் இதழ்களும் பக்கம் பக்கமாக அங்கே இருக்கின்றன, இலவசமாக. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டில் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்கள் 1990களில் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமாயின. பக்கத்து ஊரில் இருந்த நூல்களைப் பார்க்க நம் பிள்ளைகள் சென்னைக்குப் போக வேண்டியிருந்ததை நினைத்தால், கைப்பேசியில் ஒரு பழைய இதழ் திறப்பதன் அருமை எனக்குப் புரிகிறது.

தனியாகப் படிக்காதீர்கள்

நாங்கள் நான்கு பேர்: கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை. புதுவயல் தோழியின் வீட்டுக்குப் பக்கத்தில் அரிசி ஆலை. பகலில் அவளால் ஒலிவாங்கியைத் திறக்கவே முடியாது. தேவகோட்டைத் தோழியின் வீட்டில் அலை நன்றாக எடுக்கும். யாருக்கு வகுப்பு அறுந்ததோ அவருக்கு மற்றவர் அன்று மாலை பத்து நிமிடம் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்படிச் சொல்லிக்கொடுத்த நாட்களில்தான் எனக்குப் பாடம் உண்மையாக மனத்தில் நின்றது. வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை, எந்த வாரத்தில் நிற்கிறோம், எந்த ஐயம் தீரவில்லை என்று கணக்குப் பார்ப்போம். எங்கள் ஊரில் நாள்வழி எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுக்கும் பழக்கம் பழையது; படிப்புக்கும் அதே ஒழுங்கைத்தான் வைத்துக்கொண்டோம். நான்கு பேருக்குமேல் வேண்டாம். நாற்பது பேர் குழுவில் காலை வணக்கப் படங்கள்தான் வரும்.

வேறொரு வகைக் குழுவும் உண்டு. வாரப் பயிற்சிக்கான விடைகளை அப்படியே போடுவார்கள். கேள்வியைப் படிக்காமலே நூற்றுக்கு நூறு வாங்கலாம். தயவுசெய்து அதில் சேராதீர்கள். ஒழுக்கம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். என்பிடெல்லில் பயிற்சிகளுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. பயிற்சியில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என இரண்டையும் தனித்தனியே எடுக்க வேண்டும். விடையை நகலெடுத்து 25 வாங்கியவர் தேர்வு அறையில் 75க்கு 22 வாங்கி வெளியே வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் பயிற்சியைச் சரியாகச் செய்ய முடியாவிட்டாலும் பயமில்லை: பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு, எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். அந்த இடைவெளி காய்ச்சலுக்கும் கலியாணத்துக்கும் வைத்தது; சோம்பலுக்குச் செலவழித்துவிடாதீர்கள். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்குத் தளம் திணறும். ஒருநாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். கடைசி நிமிடம் வரை திருத்தி மறுபடியும் அனுப்பலாம்.

ஐயம் வந்தால் பாடத்தின் கலந்துரையாடல் பகுதியில் கேளுங்கள். முதல் கேள்வியைத் தமிழில் எழுதி, ஆங்கிலமாக்கி, மூன்று முறை அழித்து எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் துணைப் பயிற்றுநர் ஒருவர் படம் வரைந்து விளக்கியிருந்தார். இலக்கணப் பிழையை யாரும் பார்க்கவில்லை.

நேரடி வகுப்பில் சில சிறிய பழக்கங்கள்: ஐந்து நிமிடம் முன்னால் நுழையுங்கள், ஒலிவாங்கியை மூடி வையுங்கள், அலை குறைந்தால் முதலில் உங்கள் படத்தை நிறுத்துங்கள். அறுந்துவிட்டால் மீண்டும் வந்தவுடன் அரட்டைப் பெட்டியில் நேரத்தோடு ஒரு வரி எழுதிவிடுங்கள். வருகைப் பதிவில் சிக்கல் வந்தால் அது உதவும்.

இப்போது கைப்பேசி

இரண்டு மூன்று ஆண்டு பழைய கைப்பேசியே போதும். 4 ஜிபி நினைவகமும், காணொளிகளை வைக்க 20 ஜிபி காலியிடமும், மின்கலம் ஆறு மணி நேரம் தாங்குவதும் இருந்தால் சரி. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் கம்பி வைத்த இயர்போன் ஒன்று வாங்குங்கள். புதிய கைப்பேசியைவிட அது அதிகம் உதவும்.

டேட்டா பற்றிய பயம் பெரிதாக இருக்கிறது. 360 தரத்தில் ஒரு மணி நேரக் காணொளிக்கு ஏறத்தாழ 300 எம்பி ஆகும். வாரத்துக்கு மூன்று மணி நேரப் பாடம் என்றால் 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில் இது ஒரு நாள் பங்குகூட இல்லை. டேட்டாவைத் தின்பது நாள் முழுவதும் நடக்கும் நேரடி வகுப்புதான். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தது. அந்த நான்கு மாதம் எங்கள் வீட்டில் மூச்சுவிட முடிந்தது.

தேர்வு

தேர்வுப் பதிவு பாடப் பதிவிலிருந்து தனி. இதைத் தெரியாமல் பன்னிரண்டு வாரம் படித்துவிட்டு, "எனக்கு ஹால் டிக்கெட் வரவில்லையே" என்று கேட்டவர்கள் உண்டு. பாடம் தொடங்கிய சில வாரங்களில் தேர்வுப் பதிவு திறக்கும், அறிவித்த நாளில் மூடிவிடும். நான் எழுதியபோது என்பிடெல்லில் ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. புதுமைப்பெண் அல்லது தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறுகிறீர்கள் என்றால், ஒரு மாதத் தொகையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

தேர்வு கணினியில், கண்காணிப்பாளர் முன்னிலையில், மையத்தில் நடக்கும். மையங்களின் பட்டியலில் உங்களுக்கு அருகில் எது என்று பார்த்து வரிசையாகக் கொடுங்கள். மதுரையோ திருச்சியோ கிடைத்தால் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குமேல். காலை ஒன்பது மணித் தேர்வென்றால் ஐந்து மணிக்கு முன்பே பஸ் ஏற வேண்டும். உள்கிராமத்திலிருந்து அந்த நேரத்தில் காரைக்குடிக்கு வரப் பஸ் இருக்காது. முதல் நாள் இரவே நகரத்துத் தோழி வீட்டில் தங்குவதற்கு வீட்டில் முன்கூட்டிப் பேசி வையுங்கள். பெண்பிள்ளைகள் நான்கைந்து பேராகச் சேர்ந்து போனால் வீட்டில் தயக்கம் குறையும். நாங்கள் முதல்முறை புதுவயல் தோழியின் சித்தியைத் துணைக்கு அழைத்துப் போனோம்.

கைப்பேசியிலேயே படித்தவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. தேர்வு அறையில் மவுஸ் இருக்கும். மூன்று ஆண்டு விரலால் தொட்டே பழகிய கை மவுஸைப் பிடித்தவுடன் தடுமாறும். திரையில் உள்ள கணிப்பானில் எண்களைத் தட்டுவதற்குள் நேரம் போகும். எனக்கு முதல் பத்து நிமிடம் அப்படித்தான் போனது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே கல்லூரி ஆய்வகத்தில் நான்கைந்து நாள் உட்கார்ந்து, தளத்திலுள்ள மாதிரித் தேர்வைக் கணினியில் செய்து பாருங்கள்.

அச்சிட்ட ஹால் டிக்கெட், புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டை, பேனா, தண்ணீர். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள். திரும்பும் பஸ் நேரத்தையும் வீட்டு எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்ததும் சான்றிதழைப் பதிவிறக்கி, ஒப்புதல் வாங்கிய அந்த எழுத்தையும் சேர்த்துத் துறையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் ஏபிசி கணக்கில் கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று டிஜிலாக்கரில் பாருங்கள். ஏறவில்லையென்றால் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடியும் போங்கள். ஏறும் வரை போங்கள்.